அரைப் பேர்

சேரம்பாடிக்குக் கீழே எங்கள் நடுநிலைப் பள்ளியில்
பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
பிடிக்க ஆளில்லாத நாளில்
என் மகள் தண்ணீர் குடிப்பதில்லை.
கொடுத்துவிட்ட பாட்டில்
மூடிகூடத் திறக்காமல் திரும்பி வரும்.

இதற்காகத்தான் நின்றேன்.
கேட்டவர்களிடமெல்லாம்
கல்வி, முன்னேற்றம் என்று ஏதோ சொல்லிவைத்தேன்.

சத்துணவுக் கூடச் சுவரில் நோட்டீஸ்:
பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவர் தேவை.
பெற்றோராக இருக்க வேண்டும்.
பெண்ணாக இருக்க வேண்டும்.
மூன்றாவதாக ஏதும் கேட்கிறார்களோ என்று
திருப்பித் திருப்பிப் படித்தேன்.
கேட்கவில்லை.

எதிரே நிற்பது ஜெசிந்தா, பேக்கரிக்காரர் மனைவி.
நல்லவள். அதுதான் சங்கடம்.
கடன் சொன்னால் முகம் சுளிக்க மாட்டாள்,
பன்னோடு ஒரு வர்க்கியும் சேர்த்துப் போடுவாள்.

ஓட்டுக் கேட்கக் கொழுந்து நிரையிலேயே ஆரம்பித்தேன்.
கை நிற்கக் கூடாது, வாய் பேசலாம்.
"சனிக்கிழமை பத்து மணிக்கு வந்துருங்க."
"பத்து மணிக்கா? அரைப் பேர் போயிருமே."

தோட்டத்தில் ஒரு நாள் கூலிதான் பேர்.
நேரமோ எடையோ குறைந்தால் அரைப் பேர்.
எனக்காக ஒரு கை தூக்க
ஒவ்வொருத்தியும் பாதிப் பேரை விட்டுவிட்டு வரவேண்டும்.
இதைக் கேட்க எனக்கு ஏது வாய்?
கேட்டேன்.

சுஹறா பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி,
"தாழ்ப்பாள் எவ்வளவு வரும்?" என்றாள்.
"நூத்தி இருபது."
"பேசாம வாங்கி மாட்டிரலாமே."
ஒன்றும் சொல்லத் தோன்றாமல் வந்துவிட்டேன்.
பாதி மேட்டில் பதில் வந்தது.
மூச்சிரைக்கத் திரும்பி ஓடினேன்:
"போன வருசம் மாட்டினோம். பிடுங்கிட்டாங்க. ஒருத்தரும் ஏன்னு கேக்கல.
கேக்குற நாற்காலியில நம்மள்ல ஒருத்தி உக்காரணும் சுஹறா."
பிள்ளை விழித்துக்கொண்டு அழுதது.
அவள் வருவாளா மாட்டாளா என்று
தெரியாமலே கிளம்பினேன்.

பணியர் பாடிக்கு இறங்கும் வழியில் ஆனை.
முக்கால் மணி நேரம்
பலாமரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது.
பலாமரம் ஜெயித்தது.
கெம்பிக்கு மூன்று பிள்ளைகள் எங்கள் பள்ளியில்.
கொடி கட்டிய ஜீப்பில் வருகிற ஓட்டு அவளுக்குத் தெரியும்.
இப்படி நடந்து வருகிற ஓட்டும் உண்டென்று
அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாளாம்.

சனிக்கிழமை, விடாத மழை.
எச்.எம். கரும்பலகையில் எழுதினார்: ஜெசிந்தா, தெய்வனை.
என் பெயரில் ஒரு கால் விட்டுப்போயிருந்தது.
அங்கேயும் எனக்கு முழுப் பேர் விழவில்லை.

சீட்டு இல்லை, பெட்டி இல்லை, கை தூக்கினால் போதும்.
ஜெசிந்தாவுக்கு இருபத்தெட்டு,
அவள் கையும் சேர்த்து.
அடுத்தது நான்.
கெம்பி இரண்டு கையையும் தூக்கினாள்,
ஒன்றை இறக்கச் சொன்னார்கள்.
கடைசி பெஞ்சில் சுஹறாவின் கை,
தோளில் பிள்ளையோடு.
இத்தனை பேர் பார்க்க எனக்கு நானே தூக்குவதா?
உடம்பு கூசியது.
மடியில் ஈரக்குடையை
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

இருபத்தேழு.

ஜன்னலுக்கு வெளியே மகள்
நோட்டில் கோடு போட்டு
ஐந்தைந்தாகக் கட்டி எண்ணியிருந்தாள்.
"அம்மா, நீ ஏன் தூக்கல?
தூக்கியிருந்தா சமம்."

குழுவில் சாதா உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள்.
ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"முதல்ல என்ன எழுதலாம்?"
"தாழ்ப்பாள்."
அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அவளுக்கும் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள்.

எச்.எம். தீர்மானப் புத்தகத்தைத் திறந்து,
"யார் யார் ஆதரவு?" என்றார்.

குடையைக் கீழே வைத்தேன்.
தரையெல்லாம் தண்ணீர்.