பதினான்கு மீட்டர்

காலை பத்து மணிக்கு என் வீடு
கடல்மட்டத்திலிருந்து ஐம்பத்தொரு மீட்டர்.
மாலை நான்குக்கு எழுபத்தைந்து.
மேசையில் கழற்றிப் போட்ட கடிகாரம் சொல்கிறது.
மீன்தொட்டித் தண்ணீர் அலுங்கவில்லை.
பக்கத்து வீட்டு வாசலில் அதே செருப்புகள்.

"இந்த ஊரில் காற்றுக்கும் ஓதம் உண்டு லா,
நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும்.
இது காற்றைத்தான் எடைபோடும்,
மலை எதுவென்று இதற்குத் தெரியாது."
தோ பாயோ எம்ஆர்டி வாசலில்
நூற்றைம்பது வெள்ளியை எண்ணாமல் மடித்துக்கொண்டே
பூன் ஹெங் சொன்னார்.
ஏன் விற்கிறீர்கள் என்றதற்கு
முட்டியைத் தட்டிக் காட்டினார்.

சனிக்கிழமை புக்கிட் தீமா உச்சிக்குப் போய்
கல்லில் வெட்டிய எண்ணுக்குத் திருத்தினேன்:
நூற்று அறுபத்து மூன்று.
நாட்டிலேயே உயரமான இடத்தில்
ஒரு குரங்கு யாருடைய ரொட்டியையோ
பிரித்துக்கொண்டிருந்தது.
ஞாயிறு விடியலில் சுமத்ராப் பக்கமிருந்து சூறை அடித்தது.
தூங்கிய வாக்கிலேயே
பன்னிரண்டு மீட்டர் இறங்கியிருந்தோம்,
நானும் கட்டிலும் கொடியில் காயாத துணிகளும்.

பொத்தான்களைத் துழாவும்போதுதான் கண்ணில் பட்டது.
அதிகபட்ச உயரம் 4081.
தேதி ஆறு வருடம் பழையது.
கினபாலுவின் உச்சி 4095.

அன்றைக்குக் காற்று கனத்திருக்கலாம்.
அல்லது
கடைசிப் பாறையில் கயிற்றைப் பிடித்தபடி
அவர் நின்றுவிட்டிருக்கலாம்.
கேட்டு ஒரு செய்தி தட்டினேன்.
அனுப்பவில்லை.

பட்டையை மாற்றிவிட்டேன், அவருடைய வியர்வை வாசம்.
இரண்டு பொத்தான்களைச் சேர்த்து
மூன்று நொடி அழுத்தினால்
4081 அழிந்துவிடும்.
இரண்டு வரை எண்ணியிருக்கிறேன்.

மார்ச்சில் எனக்கும் அங்கே இடம் கிடைத்திருக்கிறது.
இரவு ஷிஃப்ட் முடிந்த காலைகளில்
முதுகுப்பையில் பத்து கிலோ பொன்னி அரிசியோடு
புளோக்கின் படிகளில் ஏறுகிறேன்.
லிஃப்ட் பழுதா என்று தினமும் கேட்கிறார்
நான்காம் மாடி சல்மியா.
இல்லை என்றால் நம்புவதில்லை,
பையைத் தாங்க ஒரு கை நீட்டுகிறார்.

கீழே இருபது.
ஆறாம் மாடித் திருப்பத்தில் முப்பத்து நான்கு.
அதுவரை ஏறியது பூன் ஹெங்குக்கு.
அதற்குமேல்தான் என் கணக்கு.

சில நாள் காற்று கனத்து
அந்த முப்பத்து நான்கு
எட்டாம் மாடி வரை இழுத்துக்கொண்டு போகும்.
போகட்டும்.
அரிசி அதே பத்து கிலோதான்.