வேலி

அதிகாலையில் கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பார்ப்பேன்.
கறுப்புத் தேநீர்.
சில நாள், ஓத்தார் ஜாடியில் புதைத்துவைத்த சிவப்பு மது.
"நல்ல விளைச்சல்" என்பான்,
சிரிக்காமல்.

டாக்டர் கெதேவான் சுற்றிவளைக்கவில்லை:
உங்கள் ரத்தத்தில் வேலியே பயிரை மேய்கிறது.
இந்த மருந்து வேலியைச் சாய்த்துவிடும்.

அப்புறம்?

காட்டுப்பன்றி நுழையலாம். மூளைக்காய்ச்சல்.
வருஷத்துக்கு இருநூறு பேரில் ஒருவருக்கு.
காய்ச்சல் கண்டால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

எங்கள் கீழ்த் தோட்டத்தில் இருநூறு கொடி.
ஒன்று பட்டுப்போனால்
எதுவென்று இருட்டிலும் சொல்வேன்.
கையெழுத்துப் போட எனக்கு
ஒன்பது நாள் ஆயிற்று.

பிப்ரவரியில் ஓரிரவு, முப்பத்தெட்டரை.
கோம்போரி கணவாயில் பனி.
ஓத்தார் எதுவும் கேட்கவில்லை,
பைஜாமாவோடு வண்டியை எடுத்தான்.
என் பையில் அந்த அட்டை,
யாரும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில்.
திபிலீசி வரை
கழுத்தைக் குனிந்து குனிந்து பார்த்தேன்
மடங்குகிறதா என்று.

வெறும் சளிக்காய்ச்சல்.
மன்னிப்புக் கேட்டேன்.
"இன்னும் நூறு முறை
இப்படி வீணாக வாருங்கள்"
என்றார் கெதேவான், காலணியின்றி நின்றபடி.

இன்று கோப்பையில் வைக்கோல் நிறம்.
ஓத்தார் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான்.
"தண்ணீர் கலந்துவிட்டாய்" என்கிறான்.
வண்டிச் சாவி
இன்னும் அவன் தலையணைக்கு அடியில்தான்.