நான்காவது வரி

எங்கள் புளோக்கில் எதையும்
நான்கு முறை சொல்வார்கள்.
ஆங்கிலம், சீனம், மலாய்,
மிச்சமிருக்கும் இடத்தில் தமிழ்.
அந்த மிச்சம்தான் என் உத்தியோகம்,
ஒன்பது வருடமாக.

‘ஈரத்தரை, கவனம்’ என்று ஆரம்பித்தேன்.
பிறகு, ‘படிக்கட்டில் உட்கார வேண்டாம்.’
பிறகு, ‘மூவருக்கு மேல் கூடினால் விளக்கு அணையும்.’
எல்லாவற்றின் கடைசியிலும் ஒரு நன்றி.
இடம் போதாவிட்டால் எதையும் சுருக்கலாம்,
நன்றியைச் சுருக்கக் கூடாது.

யாரும் துப்பாக்கியோடு வரவில்லை,
அதைச் சொல்லிவிட வேண்டும்.
பொங்கோலில் சாயங்காலம் கடற்காற்று வருகிறது.
ரயில் நேரத்துக்கு வருகிறது.
மின்தூக்கி என் முகத்தைப் பார்த்து
பதினொன்றாம் மாடிக்குத் தானே ஏறுகிறது.
புள்ளி குறைந்தவர்களை மட்டும்
இரண்டு மாடி முன்னால் இறக்கிவிடும்.
‘நடை உடம்புக்கு நல்லது’ என்று
அதற்கும் ஒரு பலகை உண்டு.
நல்ல தமிழ் அது. என் தமிழ்.

ஜூன் மாதம் மேலிருந்து ஒற்றைச் சொல் வந்தது:
அறிவிப்பு ஒலித்தால்
எல்லாரும் காதுகொடுக்க வேண்டுமாம்.
எழுதினேன்: கேளுங்கள்.
இயந்திரம் சரிபார்த்தது.
பச்சை விளக்கு.

பக்கத்து வீட்டு நூரைனி
இரவுப் பணிக்குக் கிளம்பிய தாதி,
கையில் நாசி லெமாக் பொட்டலம்.
“எப்போதும் பலகைக்கு வெளியே நீளுமே உங்கள் வரி,
இன்றைக்கென்ன இத்தனை குட்டை?”
சொன்னேன்.
கேள் என்றால் காதுகொடு.
கேள் என்றால் கேள்வி கேள்.
“எங்களுக்கு இரண்டும் வேறு வேறு சொல்”
என்று சிரித்தாள்.
“உங்களுக்குப் பலகையே அனுமதி தருகிறது.”
மின்தூக்கி வந்தது.
நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வியாழக்கிழமை குடியிருப்பாளர் கூட்டம்.
கருவேப்பிலை போட்ட பப்ஸ், தேநீர்,
இருநூறு நாற்காலி.
நூரைனி எழுந்தாள்.
“கீழ்த்தள மருந்தகக் கதவு
என் தம்பிக்கு மட்டும் ஏன் திறப்பதில்லை?”
பப்ஸ் கடிக்கும் சத்தம் நின்றது.
மேடையிலிருந்தவர் கோபப்படவில்லை.
“நல்ல கேள்வி” என்றார்.
குறித்துக்கொண்டார்.
உட்காரும்போது அவள்
என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தேன்.

செவ்வாய் விடிகாலை மூன்று பத்துக்கு
தாழ்வாரத்தில் மெத்தென்ற காலணிகள்.
நான்கு ஜோடி.
மணி அடிக்கவில்லை, தட்டவும் இல்லை,
கதவு அவர்களை அறிந்திருந்தது.
மலாயில் யாரோ மிகப் பணிவாகப் பேசினார்கள்.
சாவிக்கொத்து ஒன்று தரையில் விழுந்தது.
யாரும் குனிந்து எடுக்கவில்லை.
மின்விசிறியை
மூன்றிலிருந்து ஐந்துக்கு வைத்தேன்.

காலையில் ஒரு தமிழ்ப் பையன் வந்தான்,
கழுத்தில் அட்டை, பெயர் கவின்ராஜ்,
கையில் ஒளிரும் பலகை.
கருத்தாய்வாம், ஒரே ஒரு கேள்வி.
“ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டதா அக்கா?”

“கேட்கவில்லை.”

ஒரு சொல்.
அதில் பாதி பொய்.
மறுபாதி உண்மை. அதுதான் மோசம்.
இயந்திரத்துக்கு ஒரு பொருள் போதும்,
பச்சை காட்டியது.
பையனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.
வேண்டியதைவிட ஒரு கணம் கூடுதலாக
என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு நன்றி சொன்னான்,
சுருக்காமல்.

கீழே பலகையை யாரும் மாற்றவில்லை.
கேளுங்கள், கேளுங்கள் என்று
ஒவ்வொரு தளத்திலும் என் கையெழுத்தில்லாத என் எழுத்து.

அவள் வாசலில் பாண்டான் செடி
நுனி பழுத்துக்கொண்டிருக்கிறது.
அதற்கு இனி யார் தண்ணீர் ஊற்றுவது என்றும்
நான் கேட்கவில்லை.