துணைக்கால்

பாபுராவ் தெரு லாட்ஜில்
எனக்கு இரவு டூட்டி.
சாவிப்பலகைக்குப் பக்கத்தில் நாலடித் தொட்டி,
அதற்குள் ஒற்றை ஆளாக ஒரு ஃபிளவர்ஹார்ன்,
நெற்றியில் கொழுக்கட்டைப் புடைப்போடு.
அதிர்ஷ்டம் என்று வாங்கிவந்தவர்
முதலாளி தனகோட்டி.
ஆற்றில் தண்ணீர் இல்லை என்று
ஊரே தன்னைச் சொல்லிச் சிரித்துக்கொள்ளும் வேலூரில்
இதற்கு மட்டும் முந்நூறு லிட்டர்.

சித்திரை வெயில் மேற்கு ஜன்னல் வழியாக வந்து
கண்ணாடிக்குப் பச்சை பூசிவிட்டுப் போகும்.
நான் சுரண்டுவேன். மறுநாளும் பூசும்.
கையை விட்டால் கடி.
சுட்டுவிரலில் தழும்பு இருக்கிறது,
கேட்பவர்களிடம் கதவு நசுக்கியது என்பேன்.

"சக்கர் ஒண்ணு போடுண்ணா,"
என்றான் சத்துவாச்சாரி மீன்கடை ஜெபராஜ்.
விரல்நீளக் குட்டி, நாற்பது ரூபாய்.
வெளிச்சத்திலேயே விட்டேன். அதுதான் தப்பு.
டீ குடித்துவிட்டு வருவதற்குள்
வால் மட்டும் ஃபில்டரில் ஒட்டியிருந்தது.

அடுத்ததை ஒரு சாண் நீளம் பார்த்து எடுத்தேன்,
உடம்பெல்லாம் ஓடு போர்த்திய கறுப்பன்.
விளக்கை அணைத்து,
கற்களையெல்லாம் இடம் மாற்றி
(எது தன் எல்லை என்று பெரியவன் மறக்கட்டும்)
பிளம்பர் விட்டுப்போன பைப் துண்டு ஒன்றைப் போட்டு,
பெரியவனுக்கு வயிறு முட்டத் தீனி கொடுத்து,
அப்புறம்தான் பையைத் திறந்தேன்.

மூன்று நாள் மோதியது.
கறுப்பன் துடுப்பை விரித்து முள்ளாய் நின்றான்,
பிறகு பைப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.
பகல் அவனுக்கு, இரவு இவனுக்கு.
யாரும் எழுதித் தராத ஷிஃப்ட்.

இருநூற்றுப் பதினாலாம் அறை மிதாலி
தூக்கம் வராமல் கீழே வந்து உட்காருவாள்.
மால்டாவிலிருந்து வந்து முப்பத்தெட்டு நாள்.
கணவனுக்குக் கல்லீரல்.
அவள் வங்காளம் எனக்குத் தெரியாது, என் தமிழ் அவளுக்கு.
நடுவில் இரண்டு பேருடைய ஓட்டை இந்தி.
"இதைச் சாப்பிடுவீர்களா?" என்றாள் முதல் நாள்.
இல்லை என்றேன்.
பின்னே எதற்கு என்பதுபோல் தொட்டியைப் பார்த்தாள்,
என்னையும்.

ஒருநாள் மூன்று மணிக்கு
அவள்தான் என்னைத் தட்டி எழுப்பியது.
சண்டைக்காரன் அடியில் சாய்ந்து உறங்குகிறான்.
அவன் விலாவில் வாயைப் பதித்து
கறுப்பன் உறிஞ்சிக்கொண்டிருக்கிறான்.
கண்ணாடியைத் தட்டினேன். விடவில்லை.
விட்டபோது அங்கே ஒரு ரூபாய் அகலத்துக்குத்
தோல் வெளுத்திருந்தது.

விடிந்ததும் ஜெபராஜுக்குப் போன்.
"பாசி தீந்துபோச்சா?"
தீர்ந்துதான் போயிருந்தது. கண்ணாடி பளபள.
முதலாளிகூட என்னை மெச்சியிருந்தார்.
"அப்ப அது இன்னாண்ணா துன்னும்?"

பாசிக்கும் பசிக்கும் நடுவில்
ஒரு துணைக்கால்தான்.
அதையும் தின்று முடித்திருந்தது மீன்.

அன்றிரவு மிதாலி வெள்ளரிக்காய் கொண்டுவந்தாள்.
அவருக்கு வாங்கியது,
இன்று எதுவும் தரக்கூடாது என்றுவிட்டார்களாம்.
வட்டமாக அரிந்து,
மிதக்காதபடி எவர்சில்வர் ஸ்பூனில் குத்தி,
இருட்டுத் தொட்டிக்குள் இறக்கினோம்.
பைப்பிலிருந்து தலை வர
அரைமணி ஆயிற்று.
அந்த அரைமணி நாங்கள் எதுவும் பேசவில்லை,
ஓட்டை இந்திகூட.
காலையில் பச்சைத்தோல் வளையம் மட்டும் மிச்சம்.

பெரியவனுக்கு விலா ஆறிவருகிறது.
இன்னும் துரத்துகிறான்,
கொஞ்சம் தள்ளி நின்று.

வியாழக்கிழமை இருநூற்றுப் பதினாலு காலி.
பகல் ஆள்தான் கணக்கு முடித்தான்.
வந்தது இரண்டு பேர் என்று லெட்ஜரில் இருக்கிறது,
போனது எத்தனை என்று எழுத அதில் கட்டம் இல்லை.
நானும் அவனைக் கேட்கவில்லை.

டூட்டிக்கு வரும் வழியில் நேதாஜி மார்க்கெட்.
வெள்ளரி கிலோ நாற்பது,
அந்த முதல் குட்டியின் விலை.
அரையா, ஒண்ணா என்று
தராசைத் தூக்கினாள் கடைக்காரி.
கால் போதும் என்றேன்.