ஐந்நூறு எழுத்துகளுக்குள்

மானிய வாசல் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு மூடும்.
இப்போது பத்தேகால்.
கேள்வி நான்கு (இ):
உங்கள் திட்டத்தால் இளையரிடம் ஏற்படும் மாற்றத்தை
ஐந்நூறு எழுத்துகளுக்குள் விளக்குக.
இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும்.

போன வருஷத்ததை வெட்டி ஒட்டலாம்தான்.
அதில் ‘தன்னம்பிக்கை’ ஏழு இடத்தில் இருக்கிறது.
அந்தச் சொல்லை எடுத்து ஹைருலுக்கு மாட்டிப் பார்த்தேன்.
அண்ணன் சட்டைபோலத் தொளதொளத்தது.

உட்லண்ட்ஸ், புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் அறை.
முன்பு பாலர்பள்ளி.
சுவரில் இன்னும் ஓர் ஒட்டகச்சிவிங்கி,
கழுத்தெல்லாம் சென்டிமீட்டர் கோடு.
கைகழுவும் தொட்டி முழங்கால் உயரம்.
பதினேழு வயதுப் பையன்கள்
யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல்
மண்டியிட்டுக் கைகழுவுகிறார்கள்.
தொட்டியை உயர்த்த இரண்டாயிரத்து நூறு வெள்ளி.
மூன்று முறை கேட்டாயிற்று.
மூலதனச் செலவு மானியத்தில் சேராது.
சுயமரியாதைப் பயிலரங்கு என்றால்
தலைக்கு எண்பது வெள்ளி, அது சேரும்.

பள்ளியை விட்டு ஆறு மாதம் ஆனவர்தான் பயனாளி.
நிரோஷினி விட்டு
ஐந்து மாதம் பதினெட்டு நாள்.
அவளுடைய இடைவெளி இன்னும் எழுத்தாகவில்லை.
‘இன்னும் பன்னிரண்டு நாள் ஒன்றும் படிக்காமல் இரு’
என்று அவளிடம் சொன்னது நான்தான்.
சிரித்தாள்.
பன்னிரண்டு நாளும் வந்து
வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்து
எங்கள் வைஃபையைக் குடித்துவிட்டுப் போனாள்.

ஜூனில் மானிய அதிகாரி நேரில் வந்தார், குமாரி யோ.
அன்று பார்த்து மழை.
மழை என்றால் சாப்பாடு கொண்டுபோகிறவனுக்கு
நடைக்கு இரண்டு வெள்ளி கூடுதல்.
பதிவேட்டில் பத்தொன்பது பெயர்,
நாற்காலியில் ஒரே ஆள், வெய் ஜியே.
அவனும் தொலைபேசிக்கு மின்னூட்ட வந்தவன்,
முப்பது விழுக்காடு ஏறியதும் எழுந்து போய்விட்டான்.
குமாரி யோ கைகழுவக் குனிந்தார்.
குனிந்தது போதவில்லை.
கழுத்தில் கிடந்த அலுவலக அட்டை தொட்டிக்குள் தொங்க
மண்டியிட்டார்.
தண்ணீர் ஓடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.
எழுந்தார், முழங்காலைத் தட்டிக்கொண்டார்,
‘வருகை விழுக்காடு எவ்வளவு?’ என்றார்.

அவர் போய் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார்கள்
சொட்டச் சொட்ட, ஏழு பேர்.
யாரோ வேண்டாமென்ற நாசி லெமாக் ஆறு பொட்டலம்.
ஹைருலுக்கு மூன்று நடைக்கு மழைப்பணம் விழவில்லை.
நிரோஷினி கணக்குப் போட்டாள்,
நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள்.
‘தாழ்மையுடன்’ என்று தொடங்கியிருந்தாள்.
‘எதுக்குத் தாழணும், நம்ம காசுதானே’ என்றான் அவன்.
அந்த ஒரு சொல்லுக்காக
பத்தேமுக்கால் வரை சண்டை.
நான்காம் பிரதியில் அது இல்லை.
ஒன்பதாம் நாள் ஆறு வெள்ளி வந்தது.
அந்த மாலையின் பதிவு என் கோப்பில்:
வருகை, ஒன்று.

பதினொன்று நாற்பது.
ஏழு ‘தன்னம்பிக்கை’யையும் அழித்தேன்.
மீதி எழுத்துகள் ஐந்நூறு என்று காட்டுகிறது திரை.
ஆறு வெள்ளியை எந்தக் கட்டத்தில் போடுவது?
‘வேறு ஏதேனும்’ என்ற இடத்தில் மட்டும்
தயங்காமல் எழுதினேன்: தொட்டி.
விலை ஏறிவிட்டது, இப்போது இரண்டாயிரத்து நானூறு.

கம்பிக் கதவில் தட்டும் சத்தம்.
வெய் ஜியே. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
‘மிஸ், நாலு விழுக்காடுதான் இருக்கு,
இன்னும் ஒரு ஆர்டர் கையில.’
அறையில் வேலைசெய்யும் மின்துளை ஒன்று.
(அதைப் பழுதுபார்ப்பதும் மூலதனச் செலவு.)
என் கணினியில் பதினொரு விழுக்காடு,
வாசல் மூடப் பதினெட்டு நிமிடம்.

வயரைப் பிடுங்கி இடம் விட்டேன்.
அவன் ஒட்டகச்சிவிங்கியில் சாய்ந்து நின்றான்,
நூற்று இருபதாம் கோட்டுக்கும் மேலே தோள்.
நான்கு (இ)யில்
குறிமுள் துடித்துக்கொண்டிருந்தது.