பதினாறுக்கு ஒன்பது

யூ டீ ரயில் நிலையத்தில், கட்டண வாசலுக்கு வெளியே,
ஒரு பையன் எனக்குப் பழைய மானிட்டரை விற்றான்.
சதுரத்தைவிடக் கொஞ்சமே அகலம்.
நாற்பது வெள்ளி. நான் பேரம் பேசவில்லை.
"அந்தக் காலத்து கேம் எல்லாம் இதுலதான் சரியாத் தெரியும்" என்றான்.
அந்தக் காலத்தில் அவன் பிறந்தே இருக்கமாட்டான்.

தம்பி யுகேந்திரன் வயரைச் செருகினான்.
நேவா வந்தாள்.
அதே சிவப்பு மேலங்கி, அதே ஈட்டி,
கோட்டை வாசலில் நின்று மூச்சு வாங்கும் அதே மூன்று நொடி.
ஆனால் மஞ்சளில் பிடித்துவைத்த பிள்ளையாரை
யாரோ இரு விரலால் நெரித்து
மேலே நீட்டிவிட்டதுபோல் இருந்தாள்.
இடுப்பு ஒரு கைப்பிடி.
தோள்? எங்கே அவள் தோள்?

"இதான்க்கா அசல்.
நம்ம டிவி அப்பவே தப்பு.
நாலுக்கு மூணு படத்தை
இழுத்து இழுத்துப் பதினாறுக்கு ஒன்பதாக்கி வச்சிருந்துச்சு."

இரண்டாயிரத்து ஆறு. சுவா சூ காங், பதினோராம் மாடி.
அப்பா போனஸ் பணத்தில் வாங்கிய அகலத் திரை.
காசு கொடுத்து வாங்கிய அகலம் சும்மா கிடக்கலாமா என்று
இரு ஓரத்துக் கறுப்புப் பட்டைகளையும்
ரிமோட்டை அமுக்கி ஒழித்துக்கட்டினார்.
செய்தி வாசித்தவர்களுக்குக் கன்னம் உப்பியது.
பந்து முட்டையாய் உருண்டு கோலுக்குள் போனது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் பன்னிரண்டு வயது, ஐம்பத்தெட்டு கிலோ.
இடைவேளை மணி அடித்ததும்
மற்றவர்கள் மீ கோரெங் வரிசைக்கு ஓடுவார்கள்.
நாங்கள் ஒன்பது பேர் திடலைச் சுற்றி ஓடுவோம்.
கையில் ஓர் அட்டை, சுற்றுக்கு ஒரு முத்திரை.
ஷர்மளா, ஃபைஸால், பெயர் மறந்துபோன ஒரு கண்ணாடிக்காரி,
எல்லோருக்கும் பின்னால் நான்.

வீடு வந்ததும் வியர்வைச் சட்டையோடு
நேவாவை எழுப்புவேன்.
கழுத்து குட்டை. முழங்கை தடிமன்.
நடந்தால் தொடையும் தொடையும் உரசும்.
அவள் மோதிக் கதவு உடைந்தால்
உடைந்ததில் ஒரு நியாயம் இருக்கும்.
கயிற்றுப் பாலத்தில் அவள் ஏறும்போதெல்லாம்
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
பாலம் ஆடும். அறுந்ததில்லை.
திடலைச் சுற்றி ஓடு என்று
அந்த உலகத்தில் அவளிடம் யாரும் சொல்லவில்லை,
அரக்கர்கள்கூட.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.
நான்குக்கு மூன்று பதினாறுக்கு ஒன்பதானால்
உடம்பு மூன்றில் ஒரு பங்கு கூடும்,
உயரம் மட்டும் அப்படியே.
பள்ளி நர்ஸ் என் அட்டையில் எழுதியதும்
ஏறக்குறைய இதேதான்.

எந்த ஊரிலோ மேசைமுன் குனிந்து அவளை வரைந்தவன்
இப்படி ஒருத்தியை நினைத்தே பார்த்திருக்கமாட்டான்.
கூடுதலாக இருந்த அந்தப் பங்கு
எங்கள் கூடத்தில் பிறந்தது,
அப்பாவின் கட்டைவிரலில்.

யுகேந்திரன் இரவு வேலைக்குச் சாங்கி போய்விட்டான்.
வயரைப் பிடுங்கிக் கூடத்து டிவியில் செருகினேன்.
புது டிவிக்கு எல்லாம் தெரியும், அதுவாகவே
இரு பக்கமும் கறுப்பை வைத்துக்கொண்டது.
அமைப்பு, படம், அளவு,
உள்ளே உள்ளே போனால்
ஒன்பதாவது வரியில் ஒளிந்திருந்தது: திரையை நிரப்பு.

நேவா பக்கவாட்டில் மூச்சு விட்டாள்.
கோட்டைக்கு மேல் நிலா முட்டையானது.
பாலம் வரைக்கும் போனோம்,
பிறகு இன்னும் கொஞ்சம்.

காலையில் காலணியைக் கழற்றியபடியே தம்பி கேட்டான்,
"யாருக்கா செட்டிங்கை மாத்துனது? நிலாவைப் பாரு."
பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விற்பனைக்கு: பழைய மானிட்டர்.
முப்பத்தைந்து வெள்ளி.
கீறல் இல்லை. வயர் உண்டு.
குறை: உள்ளதை உள்ளபடியே காட்டும்.
யூ டீயில் நேரில் வந்து வாங்கிக்கொள்ளவும்.