சும்மா எண்டால்

புது பிரிட்ஜ் வந்து மூண்டாம் நாளும்
பழையது விறாந்தையில் நிண்டது,
கழுத்தில் வயரைச் சுத்திக்கொண்டு.

"வித்தால் எட்டாயிரம் வரும்" எண்டார் இவர்.
"ஆருக்கும் குடுப்பம்" எண்டன் நான்.
இரும்புக்காரனின் லாண்ட்மாஸ்டர்
எங்கடை கேற்றடியில் மட்டும்
மெல்லமாய் ஓடிப் பார்த்தது.

கேள்விப்பட்டு
நாவாந்துறையிலிருந்து யூஜினா வந்தா.
கதவு றப்பரை விரலால் நீவினா,
மோட்டரில் காது வைச்சா.
"சும்மா கொண்டுபோங்கோ" எண்டன்.

டப்பெண்டு கதவைச் சாத்தினா.
"அப்ப என்ன பழுது?"

"பழுதில்லை."

"பழுதில்லாததை ஆர் சும்மா தருவினம்?
நான் வாங்கத்தான் வந்தனான்."

காது சுட்டது எனக்கு.
ஆறாயிரம் எண்டன், வாய்க்கு வந்தபடி.
அவ நாலு எண்டா.
இனாமாய்க் குடுக்க நிண்ட நான்
ஐயாயிரத்துக்குக் கீழே இறங்கன் எண்டு
இடுப்பில் கைவைச்சு நிண்டதை
இவர் யன்னலால் பார்த்துச் சிரித்தார்.

நாலரைக்கு முடிஞ்சது.
நாலாயிரம் கையில். ஐந்நூறு பிறகு.

மாசி போய்ப் பங்குனி வெயிலும் வந்திட்டுது,
ஐந்நூறு வரேல்லை.
சந்தையில் கண்டால் அவவே சொல்லுவா:
"மறக்கேல்லை அக்கா."
"விடுங்கோ" எண்டு நானும் சொல்லுறதில்லை.

நேற்று அவவின்ரை பெடியன் சைக்கிளில் வந்தான்,
கரியரில் ரெஜிபோம் பெட்டி.
ரெண்டு ஐஸ்பழம் எடுத்து நீட்டினான்,
நன்னாரி ஒண்டு, நெல்லி ஒண்டு.

"எவ்வளவு தம்பி?"

"அம்மா சும்மா குடுக்கச் சொன்னவ."

வட்டியோ இது, தானமோ,
காசு குடுத்தால் கோவிப்பாவோ,
கேற்றடியில் நிண்டு யோசிக்க
நெல்லி
முழங்கை மட்டும் வழிஞ்சுது.